நாலு மில்லியன் டாலர் பறவையை விடுங்க, பேப்பர் குப்பையைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல கற்பனை துப்பறிவாளர்கள் சம்பந்தப்பட்ட பொருள்களை சேர்க்கிறவங்களைப் பத்தி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. இந்த விஷயத்துக்கு முழுப்பக்கம் கொடுத்ததே பெருசு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா பாதி பக்கம் ஏலத் தொகையிலேயே போயிடுச்சு, மீதியில காது மூடுற தொப்பியும் வளைஞ்ச பைப்பும் வெச்ச ஒரு ஹோம்ஸ் பொம்மையோட பெரிய படம், கடைசியில 'இது வசதி இருக்கிறவங்களோட விளையாட்டு'ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிதான் என்னை உக்கார வெச்சு இந்தக் கடிதத்தை எழுத வைக்குது. நீளமாத்தான் வரும், வெட்டணும்னா வெட்டிக்கோங்க, ஆனா ஸ்டாம்ப் பத்தி எழுதியிருக்கிற பத்தியை மட்டும் விட்டுவைங்க.

நீங்க சொன்ன பறவையிலேயே ஆரம்பிக்கிறேன். மால்டீஸ் ஃபால்கன் படத்துல, 1941ல வந்தது, சாம் ஸ்பேட்ங்கிற துப்பறிவாளரும் மத்தவங்களும் அடிச்சுக்கிற அந்த கறுப்புப் பருந்து சிலை 2013 நவம்பர்ல நியூயார்க்ல ஏலத்துக்கு வந்து 40 லட்சம் டாலரைத் தாண்டிப் போச்சு. ஈயத்துல செஞ்சது, 45 பவுண்டு, அதாவது 20 கிலோ சொச்சம் கனம். நல்ல பொருள்தான், யாரு இல்லைன்னா. கதைப்படி அந்தச் சிலையே போலி, அந்தப் போலிக்காக ஸ்டுடியோ செஞ்ச மாதிரிக்குத்தான் இவ்வளவு காசு, இந்த நக்கலும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா இதை வாங்குறது சினிமா சொத்து வாங்குறவங்களோட வேலை சார். எங்களை மாதிரி துப்பறிவாளர் பொருள் சேர்க்கிறவங்க அந்த ஏலத்தை வேடிக்கை பார்த்துட்டு அவங்கவங்க பெட்டிக்குத் திரும்பிடுவாங்க, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் யாரோ தூக்கிப்போட்டிருக்க வேண்டிய பேப்பர்.

ஏன் பேப்பர்? ஏன்னா நம்ம மண்டைக்குள்ள உக்காந்திருக்கிற துப்பறிவாளரை எழுத்தாளர் மட்டும் உண்டாக்கலை, பாதிக்கு மேல உண்டாக்கினது இந்த மாதிரி துண்டு துக்கடாதான். உங்க கட்டுரையிலேயே பாருங்க, அந்தப் பொம்மை படத்துக்குக் கீழ 'கோனன் டாயில் வர்ணித்த அதே தோற்றத்தில்'னு எழுதியிருக்கு. ஹோம்ஸ் கதைகளை எழுதின கோனன் டாயில் அப்படி வர்ணிக்கவே இல்லை. அந்தக் காது மூடுற தொப்பியோட டியர்ஸ்டாக்கர்ங்கிற பேரே அவரோட 60 கதைகள்ல எங்கயும் கிடையாது, ஒரு இடத்துல தலையோட ஒட்டின துணித் தொப்பின்னு வருது, இன்னொரு இடத்துல காது மூடுற பயணத் தொப்பின்னு வருது, அவ்வளவுதான். 1891ல ஸ்ட்ராண்ட் பத்திரிகையில கதைகள் வர ஆரம்பிச்சப்போ படம் போட்ட சிட்னி பேஜட் தான் அதை டியர்ஸ்டாக்கரா வரைஞ்சார், அதுவும் ஹோம்ஸ் கிராமத்துப் பக்கம் ரயில்ல போறப்போ மட்டும், லண்டனுக்குள்ள நடக்கிறப்போ ஒழுங்கா உசரமான பட்டுத் தொப்பியத்தான் மாட்டிவிட்டார். பெரிய வாய் வெச்சு சுரைக்குடுக்கையில செஞ்ச அந்த வளைஞ்ச கலபாஷ் பைப்பும் கதையில இல்லை, கதையில வர்றது களிமண் பைப், பிரையர் மரத்துல செஞ்சது, செர்ரி மரத்துல செஞ்சது. 1899லேர்ந்து வில்லியம் ஜில்லெட்னு ஒரு நடிகர் மேடையில ஹோம்ஸா நடிச்சு வளைஞ்ச பைப்பைப் பிரபலமாக்கினார், அப்புறம் 1903லேர்ந்து அமெரிக்காவுல கோலியர்ஸ் பத்திரிகைக்குப் படம் போட்ட ஃப்ரெடரிக் டார் ஸ்டீல் அந்த நடிகரோட மூஞ்சியையே பார்த்து ஹோம்ஸை வரைஞ்சார். அதாவது எழுத்தைப் பார்த்து ஒருத்தர் வரைய, மேடையில இன்னொருத்தர் நடிக்க, அந்த நடிகரைப் பார்த்து மூணாவது ஆள் வரைய, அந்தப் படத்தைப் பார்த்து விளம்பரக்காரங்க எடுத்துக்க, இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் உங்க பக்கத்துல வந்த அந்தப் பொம்மை பொறந்திருக்கு. ஹோம்ஸ் தன்னோட நண்பர் வாட்சன்கிட்ட சொல்றதா எல்லாரும் நினைக்கிற 'எலிமென்ட்ரி மை டியர் வாட்சன்' வசனமும் அப்படியே அந்த ரூபத்துல ஒரு கதையிலயும் வராது.

இந்தக் கை மாறல்ல ஒவ்வொரு படியும் ஒரு பொருளா எங்கயோ கிடக்குது சார். நாடக நோட்டீஸ், பத்திரிகையில கிழிச்ச ஒரு பக்கம், சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வெச்ச சின்ன அட்டை. 1923ல டர்ஃப் சிகரெட்ல கோனன் டாயில் கதாபாத்திரங்களை 25 அட்டையா போட்டாங்க, பாக்கெட் வாங்கினவன் சிகரெட்டைப் பிடிச்சிட்டு அட்டையை பையன்கிட்ட கொடுத்திருப்பான், பையன் நண்பன்கிட்ட மாத்தியிருப்பான். அந்த அட்டையோட மூலை மழுங்கி இருந்தா விலை குறையும், ஆனா எனக்கு மழுங்கினதுதான் பிடிக்கும், ஏன்னா அது கை பட்டு மழுங்கினது, அந்தக் காலத்துல ஒரு பையனுக்கு வாட்சன் மூஞ்சி எப்படி மனசுல பதிஞ்சிருக்கும்னு அந்த அட்டை சொல்லுது, கண்ணாடிப் பெட்டியில இருக்கிற பருந்து சொல்லாது.

சரி ஸ்டாம்புக்கு வர்றேன். 1972ல நிகராகுவா நாடு இன்டர்போலோட 50 வருஷத்தை ஒட்டி 12 ஸ்டாம்ப் வெளியிட்டுச்சு. இன்டர்போல்னா போலீஸ் அமைப்பு, ஸ்டாம்ப்ல போட்டது யாரைன்னா கதையில வர்ற துப்பறிவாளர்களை: ஹோம்ஸ், பாய்ரோ, ஃபிலிப் மார்லோ, சாம் ஸ்பேட், நீரோ வோல்ஃப், டூபான், எல்லரி குவீன், லார்ட் பீட்டர் விம்சி, பெர்ரி மேசன், ஃபாதர் பிரவுன், சார்லி சான், மேக்ரே. இதுல உத்தியோக ரீதியா போலீஸ்னு பார்த்தா சார்லி சானும் மேக்ரேயும்தான். பெர்ரி மேசன் வக்கீல், ஃபாதர் பிரவுன் பாதிரியார், மத்த பல பேருக்குப் பொழப்பே போலீஸ் கோட்டை விட்டதைக் கண்டுபிடிக்கிறதுதான், ஹோம்ஸ் கதையில போலீஸ் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் படுற பாடு எல்லாருக்கும் தெரியும். போலீஸுக்கு விழா எடுக்கிறேன்னு சொல்லி போலீஸை அசடாக்கினவங்களை வரிசையா நிறுத்தியிருக்காங்க, இதை யோசிச்சு செஞ்சாங்களா யோசிக்காம செஞ்சாங்களான்னு ஒவ்வொரு தடவை அந்த செட்டை எடுக்கிறப்பவும் சிரிப்பு வரும்.

ஆனா விஷயம் முன்பக்கத்துல இல்லை. ஸ்டாம்பைத் திருப்பினா பின்னாடி, நாக்குல தடவி ஒட்டுவோமே அந்தப் பக்கம், ஒவ்வொரு துப்பறிவாளரைப் பத்தியும் ஸ்பானிஷ்ல குட்டி எழுத்துல ஒரு குறிப்பு அச்சடிச்சிருக்காங்க. கடிதத்துல ஒட்டிட்டா அதைப் படிக்க முடியாது. ஆல்பத்துல ஒட்டினாலும் படிக்க முடியாது. ஸ்டாம்பை ஸ்டாம்பா பயன்படுத்தினா தொலைஞ்சு போற தகவலை ஸ்டாம்ப்லயே அச்சடிச்சிருக்கிறதை நான் வேற அதிகம் பார்த்ததில்லை. அதனாலதான் இந்த செட்டை ஒட்டாம ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி கண்ணாடி போல இருக்கிற உறையில வைப்பாங்க. உங்க கட்டுரையில இதுவும் வந்துச்சு, ஆனா 'அரிய தபால்தலைகள்'னு ரெண்டே வார்த்தை. அரியது எல்லாம் ஒண்ணும் இல்லை சார், தேடினா கிடைக்கும், சுவாரஸ்யமானது, அது வேற.

பிரிட்டன்காரங்க 1993ல ஹோம்ஸுக்கு அஞ்சு ஸ்டாம்ப் போட்டாங்க, ஹோம்ஸ் அருவியில விழுந்து செத்ததா டாயில் எழுதின கதை வந்து 100 வருஷம் ஆனதுக்காக. சாதாரணமா பார்த்தா படம்தான் தெரியும், ஆனா ஒவ்வொரு ஸ்டாம்ப்லயும் ஒரு எழுத்தை ஒளிச்சு வெச்சிருப்பாங்க, அஞ்சையும் கண்டுபிடிச்சு சேர்த்தா டாயில்னு வரும். 2016ல அகதா கிறிஸ்டிக்குப் போட்ட ஆறு ஸ்டாம்ப்ல இன்னும் ஒரு படி மேல போய் விரல் சூடு பட்டா மாறுற மை, புற ஊதா விளக்குல மட்டும் தெரியுற மை, லென்ஸ் இல்லாம படிக்க முடியாத பொடி எழுத்துன்னு அமர்க்களப்படுத்தினாங்க. நாணயம்கூட உண்டு, 2019ல 50 பென்ஸ் காசுல ஹோம்ஸ் உருவத்தை வெச்சு சுத்தி கதைத் தலைப்புகளை பொடியா அடிச்சாங்க, புழக்கத்துக்கு விட்டது 86 லட்சம். காசுக்கு என்ன மதிப்போ அதுக்கே சில்லறையா கைக்கு வர்ற பொருள் அது. இதுல வசதி இருக்கிறவங்க எங்க வந்தாங்க?

உங்க தொழில்லயே ஒரு உதாரணம் சொல்றேன், நீங்க ரசிப்பீங்க. 1975 ஆகஸ்ட் 6 நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துல ஹெர்குல் பாய்ரோ இறந்துட்டார்னு இரங்கல் செய்தி வந்துச்சு. நிஜ ஆளுக்கு எழுதுற அதே தோரணையில. கற்பனை ஆளுக்கு அந்தப் பத்திரிகை முதல் பக்கத்துல இரங்கல் போட்டது அது ஒண்ணுதான்னு சொல்றாங்க. கிறிஸ்டி எழுதின கடைசி பாய்ரோ கதை வெளிவர இருந்த சமயம் அது. அந்த இரங்கல் செய்தியை மட்டும் வெட்டி பிரேம் போட்டு வெச்சிருக்கிறவங்க உண்டு, ஆனா என்னைக் கேட்டா முழுப் பேப்பரா இருக்கணும், ஏன்னா பாய்ரோ செத்த செய்திக்குப் பக்கத்துல அன்னிக்கு உலகத்துல நிஜமா என்ன நடந்துச்சுன்னு இருக்கும் பாருங்க, அதோட சேர்த்துப் படிக்கிறப்பதான் அந்தக் குறும்பே புரியும். வெட்டினா அது ஒரு துணுக்கு.

இதே மாதிரி முகவரிக் கதை ஒண்ணு. 221பி பேக்கர் தெரு, கதையில ஹோம்ஸ் குடியிருக்கிற லண்டன் விலாசம். டாயில் எழுதின காலத்துல அந்தத் தெருவுல அவ்வளவு பெரிய நம்பரே கிடையாது. பின்னாடி தெரு நம்பரெல்லாம் மாத்தினதுல 1932ல அபே நேஷனல்னு ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் கட்டின கட்டடத்துக்குள்ள 221ம் அடங்கிடுச்சு, உடனே உலகம் பூரா இருந்து ஹோம்ஸுக்குக் கடிதம் வர ஆரம்பிச்சது, தாங்காம அதுக்குன்னே ஒரு செயலாளரைப் போட்டு பதில் எழுதினாங்க. ஹோம்ஸ் ஓய்வு வாங்கிட்டு சசெக்ஸ் பக்கம் தேனீ வளர்க்கிறார், உங்க கேஸை எடுக்க முடியாத நிலைமைங்கிற மாதிரி பதில் போகும். கதையிலயும் அவர் தேனீதான் வளர்ப்பார், அதனால பொய் சொன்னதாவும் ஆகாது. 1990ல அதே தெருவுல ஹோம்ஸ் மியூசியம் திறந்தாங்க, அது 237க்கும் 241க்கும் நடுவுல இருந்துக்கிட்டு கதவுல 221பின்னு போட்டிருக்கு. கடன் நிறுவனத்தோட லெட்டர்ஹெட்ல வந்த அந்தப் பதில் கடிதம் ஒண்ணு கிடைச்சா நான் பருந்தைக் கொடுத்துட்டு அதை வாங்கிப்பேன், பருந்து இருந்தா.

பருந்து பேச்சு வந்ததால இன்னொண்ணு. சான் ஃபிரான்சிஸ்கோவுல பர்ரிட் தெருங்கிற சந்துல ஒரு பித்தளைப் பலகை மாட்டியிருக்கு, சாம் ஸ்பேடோட பார்ட்னர் மைல்ஸ் ஆர்ச்சர் கிட்டத்தட்ட இந்த இடத்துலதான் கொல்லப்பட்டார்னு. அதோட விட்டிருக்கலாம். கொன்னது யாருன்னு பேரையும் சேர்த்தே எழுதி மாட்டியிருக்காங்க! கதை படிக்காதவன் அந்தப் பக்கம் சும்மா நடந்து போனாலே முடிவு தெரிஞ்சுடும். அதை எழுதினவரை நான் மன்னிக்கிறதா இல்லை, அந்தப் பேரை இங்க நான் எழுதப்போறதும் இல்லை.

புத்தகம் சேர்க்கிறவங்க கதை தனி. முதல் பதிப்பு, மேலுறை இருக்கா இல்லையா, இதைப் பத்தி நீங்க எழுதினது சரிதான், மேலுறை ஒரு காகிதம் அது இல்லைன்னா விலை படுத்துடும். ஆனா கதையே மாறிப்போன சமாச்சாரம் ஒண்ணை விட்டுட்டீங்க. நான்சி ட்ரூங்கிற டீனேஜ் பொண்ணு துப்பறியுற புத்தகங்கள் 1930ல ஆரம்பிச்சது. 1959லேர்ந்து பழைய புத்தகங்களை ஒண்ணொண்ணா சுருக்கி, இனவெறி வாடை அடிச்ச இடங்களை நீக்கி, 16 வயசு நான்சியை 18 ஆக்கி, சிலதுல கதையையே மாத்தி, அதே தலைப்புல அதே நம்பர்ல மறுபடி விட்டாங்க. மஞ்சள் முதுகு போட்ட புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவங்க படிச்ச கதையும் அவங்க அம்மா படிச்ச கதையும் ஒண்ணா இருக்காது. அதனால ஒரே தலைப்புல ரெண்டு புத்தகம் வெச்சிருக்கிறவனைப் பார்த்து பைத்தியம்னு நினைக்காதீங்க. இன்னொண்ணு, அட்டையில கரோலின் கீன்னு இருக்கிற எழுத்தாளர் நிஜ ஆள் கிடையாது, ஆரம்பப் புத்தகங்கள்ல பெரும்பாலானதை எழுதினது மில்ட்ரெட் வர்ட் பென்சன், வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம், 1980ல பதிப்பாளர்களுக்குள்ள ஒரு வழக்கு வந்தப்பதான் விஷயம் கோர்ட்ல வெளிய வந்துச்சு. அவங்களோட அண்டர்வுட் டைப்ரைட்டர் இப்போ அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. நல்ல வேளை யாரும் பழைய இரும்புக்குப் போடலை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு ஐட்டத்தைச் சொல்லிடறேன். ஒண்ணு டெல் கம்பெனி 1943லேர்ந்து போட்ட பேப்பர்பேக் புத்தகங்கள். பின் அட்டை முழுக்க மேப் இருக்கும். கொலை நடந்த வீட்டோட வரைபடம், எந்த ரூம்ல யார் தூங்கினாங்க, தோட்டத்துல கிணறு எங்க, எல்லாம் கலர்ல. அட்டையில சாவித் துவாரத்துக்குள்ள ஒரு கண்ணு எட்டிப் பார்க்கிற முத்திரை இருந்தா துப்பறியும் கதைன்னு அர்த்தம். அட்டையைப் பத்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துப் படிச்ச புத்தகம் எப்படி நல்லா இருக்கும்? முதுகு விரிஞ்சு மூலை மடிஞ்சுதான் கிடைக்கும், நல்ல நிலையில கிடைச்சா யாரும் படிக்கலைன்னு அர்த்தம். ரெண்டாவது 1936ல டென்னிஸ் வீட்லி, ஜே.ஜி. லிங்க்ஸ்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கேஸ் ஃபைல் வரிசை, மொத்தம் நாலு வந்துச்சு. முதல்ல வந்தது மர்டர் ஆஃப் மயாமி. அதைப் புத்தகம்னு சொல்றதே தப்பு, போலீஸ் ஃபைல் மாதிரி கட்டி, டெலிகிராம், வாக்குமூலம், போட்டோ எல்லாம் வெச்சு, நிஜ முடி கொஞ்சம், எரிஞ்ச தீக்குச்சி ஒண்ணு, ரத்தக் கறை பட்ட திரைச்சீலைத் துண்டு எல்லாம் உள்ளயே ஒட்டி, விடை இருக்கிற பக்கங்களை மட்டும் சீல் பண்ணி வித்தாங்க. வாசகன்தான் துப்பறிவாளர். சுத்தமா பார்த்தா அதுல வர்றது போலீஸ், தனியார் துப்பறிவாளர் இல்லை, இதைச் சொல்லி என்கிட்ட சண்டை போட்டவங்க இருக்காங்க, போடட்டும். கையில எடுத்தா அந்தத் தீக்குச்சி இன்னும் அதே இடத்துல இருக்கும், தொடவே கை கூசும், இத்தனை வருஷத்துல எத்தனை பேர் அதை உத்துப் பார்த்து என்னென்ன யோசிச்சிருப்பாங்களோ. சீல் உடையாத பிரதிக்குத்தான் விலை அதிகம். நான் சீல் கிழிச்சதைத்தான் தேடுவேன், ஓரத்துல பென்சில்ல யாராவது கொலைகாரன் இவன்தான்னு தப்பா எழுதி வெச்சிருந்தா இன்னும் விசேஷம்.

டிவி பக்கம் நான் ரொம்ப போறதில்லை, ஆனா அமெரிக்க டிவி துப்பறிவாளர்கள்ல மேக்னம் போட்ட ஹவாய் சட்டையும் ராக்ஃபோர்டோட ஆன்சரிங் மெஷினும் ஒரு தலைமுறைக்கே நினைவுச் சின்னம். மேக்னம் சட்டை ஸ்மித்சோனியன்லயே இருக்கு. ராக்ஃபோர்ட் கார் நம்பர் பிளேட்டை நகல் எடுத்து சுவத்துல மாட்டுறது ரசிகர்கள் சமாச்சாரம், அதைப் பெரிய சேகரிப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஜப்பான்ல டிடெக்டிவ் கோனன் விஷயம் வேற லெவல். 1994லேர்ந்து வர்ற காமிக்ஸ், கதையை வரையுற கோஷோ அவோயாமா பொறந்த ஹொகுயெய் ஊர்ல தெருவெல்லாம் சிலை, சாக்கடை மூடியில கூட கோனன் படம், ரயில் ஸ்டேஷனுக்கே கோனன் ஸ்டேஷன்னு செல்லப் பேரு. ஆனா சேர்க்கிறவங்க கவனிக்க வேண்டியது புத்தகத்தோட மேலுறை மடிப்பு. ஒவ்வொரு தொகுதியிலும் அந்த மடிப்புல உலகத்துத் துப்பறிவாளர்கள்ல ஒருத்தரை அவோயாமா படம் வரைஞ்சு அறிமுகம் பண்ணியிருப்பார், முதல் தொகுதியில ஹோம்ஸ். நூத்துக்கு மேல தொகுதி வந்தாச்சு, அதை வரிசையா எடுத்து வெச்சாலே துப்பறியும் கதைக்கு ஒரு சரித்திரப் புத்தகம் ஆச்சு. மேலுறை கிழிஞ்சுடுச்சுன்னு கழட்டிப் போட்டா அந்த சரித்திரமும் போச்சு.

நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லணும், இல்லைன்னா இதைப் படிக்கிற நம்மாளுங்க சும்மா விட மாட்டாங்க. பரத் சுசீலா கதைகள்ல சுசீலா டி-ஷர்ட்ல என்ன வாசகம் போட்டிருக்காங்கன்னு பார்க்கிறதுக்காகவே பக்கத்தைப் புரட்டினவங்க எத்தனை பேர். அந்த வாசகங்களை யாராவது ஒரு நோட்ல வரிசையா எழுதி வெச்சிருந்தா அதுவும் சேகரிப்புதான், என் கண்ணுக்கு அது பொம்மையை விட உசத்தி. சங்கர்லால், கணேஷ் வசந்த், விவேக் ரூபலா, நரேந்திரன் வைஜயந்தின்னு இவங்க எல்லாருக்கும் அட்டைப் படம் போட்ட ஓவியர்கள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மூஞ்சி கொடுத்திருக்காங்க, அந்த மூஞ்சி எப்படி எப்படி மாறிச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னா அட்டை வேணும், அட்டையைத்தான் முதல்ல கிழிக்கிறோம்.

போலிகளைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. மேலுறை இல்லாத பழைய புத்தகத்துக்கு கலர் நகல் எடுத்த மேலுறையைப் போட்டு விக்கிறது சாதாரணமா நடக்குது. நகல்னு சொல்லி வித்தா தப்பே இல்லை, அதுவும் ஒரு சேவைதான். சொல்லாம விக்கிறப்பதான் பிரச்சனை. ஒரு விற்பனையாளர் எனக்கு 1930கள்ல வந்ததுன்னு ஒரு மேலுறையைக் காட்டினார், புத்தகத்தோட முதுகு மங்கியிருக்கு, மேலுறையோட முதுகு பளிச்சுன்னு இருக்கு, ரெண்டும் ஒண்ணாவே இருந்திருந்தா இது எப்படின்னு கேட்டேன், மனுஷன் வேற புத்தகத்தை எடுத்துக் காட்ட ஆரம்பிச்சுட்டார். இன்னொரு சோதனை சின்ன புற ஊதா டார்ச். காகிதத்தை வெள்ளையா காட்டுறதுக்குச் சேர்க்கிற ரசாயனம் பரவலா வந்ததே 1950 வாக்குலதான், அதனால அதுக்கு முன்னாடி அச்சானதுன்னு சொல்ற காகிதம் அந்த வெளிச்சத்துல நீலமா பளபளன்னு ஒளிர்ந்தா சந்தேகப்படணும். ஒளிராட்டி ஒரிஜினல்னு முடிவு பண்ணிடக் கூடாது, பழைய காகிதத்துலயே அச்சடிக்கிறவனும் இருக்கான்.

பாதுகாக்கிறதைப் பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் நல்லது பண்றதா நினைச்சு கெடுத்துடறாங்க. லேமினேஷன் பண்ணாதீங்க, பண்ணினா திரும்ப எடுக்க முடியாது, அவ்வளவுதான், கதை முடிஞ்சது. செலோ டேப் வேண்டாம், பசை மஞ்சளாகி காகிதத்துக்குள்ள இறங்கிடும். பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை வாங்குங்க. பிளாக் மாஸ்க் மாதிரி பல்ப் பத்திரிகைகள், அது 1920ல ஆரம்பிச்சது, சாம் ஸ்பேடை எழுதின ஹாமெட்டும் மார்லோவை எழுதின சாண்ட்லரும் எழுதிப் பழகினது அங்கதான், அதெல்லாம் மட்டமான மரக்கூழ் காகிதம், அதோட அமிலமே அதைத் தின்னுடும், ஓரம் பொரிஞ்சு உதிரும். வெயில் படாம, அமிலம் இல்லாத அட்டையை முதுகுக்கு வெச்சு, படுக்கப் போட்டு வைங்க. முக்கியமா ஒவ்வொரு பொருளும் எங்கேர்ந்து எப்போ வந்துச்சுன்னு தனித் துண்டுல பென்சில்ல எழுதி கூடவே வைங்க, பொருள் மேல எழுதாதீங்க.

இதையெல்லாம் குப்பைன்னு நினைக்காத பெரிய இடங்களும் இருக்கு. மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்துல ஹோம்ஸ் சம்பந்தமா மட்டும் 60,000 பொருளுக்கு மேல வெச்சிருக்காங்க, உலகத்துலயே பெரிய ஹோம்ஸ் சேகரிப்புகள்ல அது ஒண்ணு. அதுல பெரிய பங்கு ஜான் பென்னட் ஷா சேர்த்தது. ஹோம்ஸ் பேரோ படமோ இருந்தா போதும், நல்லது கெட்டதுன்னு பார்க்காம சேர்த்த மனுஷன், விளம்பரம், பொம்மை, வாழ்த்து அட்டைன்னு எல்லாம். அந்தக் காலத்துல அவரைப் பார்த்தும் யாராவது சிரிச்சிருப்பாங்க. இப்போ ஹோம்ஸை மக்கள் எப்படிப் பார்த்தாங்கன்னு ஆராய்ச்சி பண்றவன் அங்கதான் போகணும். இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு, ஹோம்ஸ் வர்ற பாஸ்கர்வில்ஸ் நாவலோட கையெழுத்துப் பிரதியை 1902ல அமெரிக்கப் பதிப்பாளர் பக்கம் பக்கமா பிரிச்சு புத்தகக் கடைகளுக்கு ஷோகேஸ்ல வைக்க அனுப்பிட்டார், விளம்பரத்துக்காக. டாயில் கையாலயே எழுதின பக்கம் சார்! பெரும்பாலானது போன இடம் தெரியலை, தப்பிச்சது கொஞ்சம்தான், இப்போ அதுல ஒரு பக்கம் வெளிய வந்தாலே செய்தி. விளம்பரம் முடிஞ்சதும் ஜன்னல்லேர்ந்து எடுத்துக் குப்பைக்குப் போடாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போன ஏதோ ஒரு கடைப் பையனாலதான் அந்தக் கொஞ்சமும் மிஞ்சியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்தத் தொப்பிக்கு ஒரு திருத்தம் போடுங்க, வரைஞ்சது பேஜட்னு ஒரே வரி போதும். ரெண்டாவது, இந்தக் கடிதத்தைப் போட்டா கூட ஒரு படமும் போடுங்க. நிகராகுவா செட்டுல ஹோம்ஸ் ஸ்டாம்பை ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி தனியா அனுப்பியிருக்கேன். ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்குன்னா முன்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தைப் போடுங்க, எழுத்து படிக்கிற மாதிரி கொஞ்சம் பெருசா.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பை விடாம படிக்கும் ஒரு வாசகர்